முகத்துவாரத்தில் நாற்பது நிமிடங்கள்

வேர்க்‌ஷொப்பின் புதுப் பிள்ளைகள் நீங்கள் கேட்ட எழுத்து இது. கேட்டு மூன்று மாதமாகிறது. ஓய்வு பெற்றவளுக்கு வேறென்ன வேலை, இரண்டு நாளில் எழுதித் தந்துவிடுவாள் என்று நினைத்திருப்பீர்கள். ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்கு வேலை கூடிப்போனது. வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளட்டில் எந்த வீட்டுக் குழாய் ஒழுகினாலும் என் கதவைத்தான் தட்டுகிறார்கள். தண்ணீரோடு மாரடித்தவள்தானே, இதையும் பார்க்கட்டும் என்ற எண்ணம்.

மோட்டரை எப்படிப் பொருத்துவது, வயர்களை எப்படிக் கட்டுவது என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அதெல்லாம் வேர்க்‌ஷொப்பில் ஃபைலில் இருக்கிறது. அதில் பாதி என் கையெழுத்து, வாசிக்க முடியாவிட்டால் அது உங்கள் தலைவிதி. நான் சொல்ல வந்தது வேறு விஷயம். ரிமோட்டில் ஓடும் மாதிரி விமானம் விழுந்தால் எல்லாரும் பார்க்கிறார்கள். மாதிரிக் கப்பல் கவிழ்ந்தாலும் எல்லாரும் பார்க்கிறார்கள். நாம் செய்வது மாதிரி நீர்மூழ்கி. அது தண்ணீருக்குள் போன பிறகு அங்கே என்ன நடந்தது என்று கரையில் நிற்கும் ஒருவருக்கும் தெரியாது. யாருடைய பிழை என்றும் தெரியாது. பொய் சொல்வதற்கு இதைவிட வசதியான தொழில் கொழும்பில் கிடையாது. டெஸ்டிங் செக்‌ஷனுக்கு வந்திருக்கிறீர்கள், இதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

எங்கள் கொட்டாஞ்சேனை வேர்க்‌ஷொப் முன்பு மரத்தில் கப்பல் மாதிரிகள் செய்துகொண்டிருந்தது. ஹோட்டல் வரவேற்பறைகளிலும் கப்பல் கம்பனிக்காரர்களின் மேசைகளிலும் வைப்பதற்கு. அந்த ஓர்டர்கள் குறைந்தபோது முதலாளிக்கு நீர்மூழ்கி யோசனை வந்தது. புறக்கோட்டையில் தலைமுறையாக இரும்புக்கடை வைத்திருந்த குடும்பம் அவருடையது. மூழ்கும் சாமானை விற்பதில் அவருக்குப் பயமிருக்கவில்லை. நான் ரேடியோ திருத்துகிறவள். பதினெட்டு வருடம் ஒரு கடையின் பின்னறையில் ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலும் கையுமாக இருந்துவிட்டு அங்கே வந்தேன். நீச்சல் அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது.

முதல் மூன்று போட்டுகளும் ஒழுகின. (நாங்கள் நீர்மூழ்கியைப் போட் என்றுதான் சொல்வோம். நீங்களும் அப்படியே சொல்லிப் பழகுங்கள்.) எவ்வளவு இறுக்கிப் பூட்டினாலும் மூடியோரமாகத் தண்ணீர் வந்தது. துறைமுகத்தில் பம்ப் திருத்தும் ஃபாஸில் என்பவரைப் பற்றி யாரோ சொன்னார்கள். மாளிகாவத்தைக்காரர், என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். ஒரு சனிக்கிழமை வந்து பார்த்தார். மூடியைக் கழற்றி, ஓரத்தில் இருந்த ரப்பர் வளையத்தை வெளிச்சத்தில் பிடித்துவிட்டுச் சிரித்தார்.

"யாரு இத இறுக்கின?"

"நான்தான்."

"கோவத்தோட இறுக்கியிருக்கீங்க அக்கா. நசிஞ்சு போயிரிக்கி பாருங்க. இது தொட்டும் தொடாமலும் இரிக்க வேணும்."

கோபக்காரி என்று என்னை முதல் நாளிலேயே கண்டுபிடித்த மனிதர் அவர்தான். அவர் பூட்டிய போட் அதற்குப் பிறகு ஒழுகவில்லை. நான் விடுவேனா? துறைமுக வேலையை விட்டுவிட்டு எங்களோடு வாருங்கள் என்று ஒரு மாதம் விடாமல் நச்சரித்தேன். பென்ஷன் உள்ள வேலை அது. அவருடைய மனைவி இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நேரே வேர்க்‌ஷொப்புக்கே வந்து, "இந்த விளையாட்டுச் சாமான் வேல நெலைக்குமா அக்கா?" என்று கேட்டார். "நான் பொறுப்பு" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது. வாய் முந்திவிட்டது. அந்த நம்பிக்கையில் ஃபாஸில் வேலையை விட்டு வந்தார்.

ஒன்றரை வருடம் சில்லறை ஓர்டர்களில் ஓடியது. பிறகு சிங்கப்பூரிலிருந்து ஓர் அம்மா வந்தார். விளையாட்டு மாதிரிகளை மொத்தமாக வாங்கிப் பல நாடுகளுக்கு அனுப்பும் வியாபாரி. கட்டையான உருவம், எப்போதும் கையில் ஒரு நீலக் குடை. பிடித்தால் நாற்பது போட் எடுப்பதாகச் சொன்னார். பிடிக்காவிட்டால் என்ன என்பதை முதலாளி எங்களைக் கூப்பிட்டு மறைக்காமல் சொன்னார். "இது போச்சுன்னா நீர்மூழ்கி செக்‌ஷனை மூடிடுவேம்மா. வேற வழி இல்ல. உங்களுக்கு ரேடியோ வேலை எங்கயும் கெடைக்கும். ஃபாஸில்தான் பாவம்." ஃபாஸிலுக்குத் துறைமுகத்தில் திரும்ப இடமில்லை. அவருடைய கதிரையில் வேறொருவர் உட்கார்ந்து நாளாகிவிட்டது.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

ஒவ்வொரு போட்டுக்குள்ளும் 'மேலே வா' என்று நாங்கள் பெயர் வைத்த ஒரு கட்டளை இருக்கும். ரிமோட்டிலிருந்து வரும் ரேடியோ சிக்னல் அறுந்தால் மூன்று செக்கன் பொறுத்து, மூழ்குவதற்காக உள்ளே எடுத்த தொட்டித் தண்ணீரை வெளியே தள்ளிவிட்டுப் போட் தானாக மேலே வந்துவிடும். பிள்ளை தொலைந்தால் வீட்டுக்கு வந்துவிடு என்று சொல்லிவைப்பது போலத்தான். ஆனால் அது கொஞ்சம் தொட்டாற்சுருங்கிக் கட்டளை. ஒரு நொடி சிக்னல் குறைந்தாலும் போட் துள்ளிக்கொண்டு மேலே வந்துவிடும். சிங்கப்பூர் அம்மாவுக்குக் காட்சி காட்ட இருந்த கிழமை நீச்சல் தடாகத்தில் ஓட்டிப் பார்த்தபோது நாலு தரம் அப்படி வந்தது. "என்னம்மா இது, தவளை மாதிரி!" என்றார் முதலாளி. எனக்குச் சுருக்கென்றது. என்னுடைய ரேடியோ வேலையைப் பார்த்துத் தவளை என்பதா?

காட்சி நாளன்று காலை, ஃபாஸில் பிளேன்ரீ குடிக்க எதிர்க்கடைக்குப் போன நேரம் நான் அந்தக் கட்டளையை மாற்றினேன். ரேடியோ அறுந்தால் மேலே வராதே, கடைசியாகச் சொன்னதையே செய்துகொண்டிரு, ரேடியோ திரும்ப வரும் வரைக்கும். அவ்வளவுதான். பத்து நிமிட வேலை. காட்சி முடிந்ததும் திரும்ப மாற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஃபாஸிலிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார், அவர் சொல்வது சரியாகவும் இருக்கும். அது தெரிந்துதான் சொல்லாமல் விட்டேன். அவர் திரும்பி வந்து எப்போதும் போல மூடியைத் துடைத்துப் பூட்டினார்.

தடாகத்தில் எந்தச் சாமானும் ஓடும், ஓடுகிற தண்ணீரில் காட்டுங்கள் என்று சிங்கப்பூர் அம்மா சொல்லிவிட்டார். அதனால் முகத்துவாரத்துக்குப் போனோம். கொட்டாஞ்சேனையிலிருந்து ஓட்டோவில் பத்து நிமிடம். மழையில்லாத மாதம். களனி ஆறு கடலில் சேரும் இடத்தில் தண்ணீர் வழமையைவிடத் தெளிவாக இருந்தது. கரையில் மீன்பிடிப் படகுகளை இழுத்து விட்டிருந்தார்கள். ஒரு பெண்மணி நிழலில் உட்கார்ந்து கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார்.

எங்கள் செக்‌ஷனில் ஒரு பழக்கம் இருந்தது, இப்போதும் இருக்கும் என்று நம்புகிறேன். போட்டை விடுவதற்கு முன் தண்ணீரில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்போம். நல்ல தண்ணீருக்குள் எங்கள் ரேடியோ போகும். உப்புத் தண்ணீருக்குள் போகாது, ஒரு சாண் ஆழத்திலேயே செத்துவிடும். களனித் தண்ணீரை வாயில் வைத்தேன் என்று கேட்டு என் மகள் பிறகு ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. அது கிடக்கட்டும். தொட்டுப் பார்த்தேன். உப்பில்லை. சரி என்று விட்டோம்.

முதல் இரண்டு தரமும் போட் அழகாகப் போய் அழகாக வந்தது. என்ன வடிவு தெரியுமா? ஒரு மீற்றர் நீளக் கறுப்புடம்பு சத்தமில்லாமல் தாழும்போது எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு நெஞ்சு நிறையும். சிங்கப்பூர் அம்மா தலையாட்டினார். இன்னும் ஆழத்துக்குப் போகுமா என்று கேட்டார். "போடுங்கம்மா, போடுங்க!" என்றார் முதலாளி.

மூன்றாம் தரம் ஒரு ஆழத்துக்கு மேல் போட் போகவில்லை. ரிமோட்டில் ஆழம் காட்டும் எண் அசையாமல் நின்றது. மேசையில் வைத்த மாதிரி. ஏன் போகவில்லை என்று நான் அந்த இடத்தில் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. மூன்று பேர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பதுதான் தலைக்குள் இருந்தது. தொட்டியில் இன்னும் தண்ணீர் எடுத்து, மூக்கைக் கீழே சாய்த்து, இடப்பக்கம் திருப்பி, மெல்ல முன்னுக்கு ஓட்டினேன். எண் கூடியது. அடுத்த நொடி எண் மறைந்து வெறும் கோடு வந்தது.

காத்திருந்தோம். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். தண்ணீரில் ஒரு குமிழிகூட இல்லை. மூன்று செக்கனில் மேலே வர வேண்டிய போட் வரவில்லையென்றால் என்ன அர்த்தம்? எங்கள் வேர்க்‌ஷொப்பில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்வார்கள். உள்ளே தண்ணீர் போய்விட்டது, மூழ்கிவிட்டது.

முதலாளி ஃபாஸில் பக்கம் திரும்பினார். "நீ பூட்டின மூடிதானே?"

"ஓம் மொதலாளி. நான்தான் பூட்டின."

"பாத்துத்தான் பூட்டினியா?"

 ஃபாஸில் தன் கைகளைப் பார்த்தார். "ரப்பர் புதுசுதான் போட்ட… துடைச்சிட்டுத்தான் பூட்டின… வலப்பக்கம் ஒருவேள மணல்…" என்று முணுமுணுத்தார். இல்லாத பிழையை அந்த மனிதர் தனக்குள் தேடிக்கொண்டிருந்தார்.

பிள்ளைகள், அந்த நேரம் எனக்கு என்ன தோன்றியது என்று ஒளிக்காமல் எழுதுகிறேன். போட் தண்ணீருக்குள் கிடக்கிறது. ஒருவேளை இனி வரவே வராது. வராவிட்டால் நான் அந்தக் கட்டளையில் கைவைத்தது ஒருவருக்கும் தெரிய வராது. மூடி ஒழுகியது என்று முடிந்துவிடும். இவ்வளவும் தோன்றியது. தோன்றவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பாதீர்கள். வாயைத் திறக்க எனக்கு எவ்வளவு நேரம் எடுத்தது என்று தெரியாது. ஃபாஸிலின் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"முதலாளி, பொறுங்கோ. மூடி ஒழுகேல்ல."

"என்னம்மா சொல்றீங்க?"

"காலமை நான் 'மேலே வா'வ மாத்திப்போட்டன். ஒருத்தருக்கும் சொல்லேல்ல. ரேடியோ அறுந்தாலும் அது மேல வராது. அவரிலை பிழையில்லை. என்ர பிழை."

முதலாளியின் முகம் கறுத்துப்போனது. சிங்கப்பூர் அம்மாவிடம் அதையே ஆங்கிலத்தில் சொன்னேன். என் ஆங்கிலம் நல்ல நாளிலேயே நொண்டும், அன்றைக்குத் தவழ்ந்தது. அவர் குடையை மடக்கிவிட்டு என்னையே பார்த்தார். ஃபாஸில் மட்டும் ஒரு கேள்வி கேட்டார்.

"ஏன் அக்கா என்கிட்ட சொல்லல?"

 முதலாளியின் ஏச்சைத் தாங்கிவிடலாம். அந்தக் கேள்வியைத் தாங்க முடியவில்லை. ஃபாஸில் அப்பால் போய் நின்றுகொண்டார்.

இப்போது கவனியுங்கள், இதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். உண்மையைச் சொன்னதால் நான் நல்லவளாகிவிட்டேன் என்று கதை விடவில்லை. சொன்னதும் வேலைக்கு ஒரு வழி பிறந்தது. மூடி ஒழுகியது என்று நம்பியிருந்தால் நாங்கள் ஓட்டோ பிடித்து வீட்டுக்குப் போயிருப்போம். ஒழுகவில்லை என்றதும் போட் உயிரோடு இருக்கிறது என்றாகிவிட்டது. கடைசியாக நான் சொன்னதையே செய்துகொண்டிருக்கிறது. நான் கடைசியாகச் சொன்னது என்ன? இடப்பக்கம் திரும்பிக்கொண்டு மெல்லப் போ. அப்படியென்றால் அது எங்கும் போகாது, வட்டமடிக்கும். வட்டமடிக்கிற சாமானைத் தண்ணீர் எங்கே கொண்டு போகிறதோ அங்கேதான் அது இருக்கும். இன்னொன்றும் இருந்தது. பற்றரி இறங்கும்போது தொட்டித் தண்ணீரைத் தள்ளிவிட்டு மேலே வருவதற்கு வேறொரு சின்ன மின்சுற்று உண்டு. நல்ல காலம், அதில் நான் கைவைக்கவில்லை. ரேடியோ அறுந்த நேரத்திலிருந்து பற்றரி நாற்பது நிமிடம் ஓடும். நாற்பது நிமிடத்தில் போட் எங்கோ ஓரிடத்தில் தலைகாட்டும். அந்த இடத்தில் நாங்கள் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மேல்தண்ணீர் அதைக் கடலுக்குள் இழுத்துவிடும்.

"கடல் பக்கம்தான் போயிருக்கும், வாங்க!" என்று முதலாளி ஓடத் தொடங்கினார். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆற்றில் மிதந்துவந்த பாசிக் கொத்துகள் எல்லாம் கடலை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தன. நானும் நாலடி வைத்திருப்பேன்.

"நோனா! அங்கிட்டு ஓடி என்ன செய்யப் போறீங்க?"

வலை பொத்திக்கொண்டிருந்த பெண்மணிதான் என்னை நோனா என்று மரியாதையாகக் கூப்பிட்டார். அவ்வளவு நேரமும் எங்கள் கூத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"எங்கட சாமான் ஒண்டு தண்ணிக்குள்ள போயிட்டுது. கடலுக்கு இழுத்துப்போடும்."

"மேல கெடந்தா கடலுக்குப் போகும். அடியில கெடந்தா எப்பிடிக் கடலுக்குப் போகும்? அடித்தண்ணி இப்ப உள்ளுக்குத்தானே ஏறுது."

"தண்ணி கடலுக்குத்தானே ஓடுது, அந்தா பாசி போகுது, பாருங்கோ!" கோபத்தில் குரலை உயர்த்திவிட்டேன்.

"பாசிய பாத்தா கீழ உள்ளது தெரியுமா?" அவர் சிரித்தார். ஊசியை வலையில் குத்தி வைத்துவிட்டு எழுந்து, ஒரு பழைய சாக்குத் துண்டில் கல்லைக் கட்டி, கயிற்றோடு தண்ணீரில் நின்ற தன் படகின் ஓரத்திலிருந்து ஆழத்தில் இறக்கினார். கயிறு நேரே கீழே போகவில்லை. மெல்லச் சாய்ந்தது. கடல் பக்கமில்லை, ஆறு வரும் பக்கம், பாலம் இருக்கும் திசையில். மேலே பாசி ஒரு பக்கம் போகிறது, கீழே கயிறு மறுபக்கம் இழுபடுகிறது! சாக்கை இழுத்தெடுத்து என் உள்ளங்கையில் பிழிந்தார். நாக்கில் வைத்தேன். உப்பு.

அட மடைச்சி என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். என் விரல் எட்டியது மேல்தண்ணீருக்குத்தான். மேலே ஆற்றுத் தண்ணீர் கடலுக்குப் போகிறது, கீழே கடல் தண்ணீர் ஆற்றுக்குள் வருகிறது. உப்புத் தண்ணீர் பாரம் கூடியது. அதனால்தான் போட் அதன்மேல் மேசையில் இருப்பது போல இருந்தது. நான் அதை வலிய உள்ளே தள்ளினேன், ரேடியோ செத்தது. எல்லாம் ஒரே சாக்குத் துண்டில் விளங்கிவிட்டது.

வலைக்கார அம்மாவுடைய எஞ்சின் படகு ஒன்றுதான் அப்போது தண்ணீரில் இருந்தது. ஒரு பக்கம்தான் போக முடியும். பன்னிரண்டு நிமிடம் ஏற்கெனவே போய்விட்டது.

"கடலுக்குள்ள போயிட்டா திரும்பக் கெடைக்காதும்மா" என்றார் முதலாளி. "ஆத்துப் பக்கம் போய், அங்க இல்லாட்டி?"

"இல்லாட்டி இண்டைக்கு என்ர ரெண்டாவது பிழை. அதையும் என்ர தலையில போடுங்கோ."

பயமிருக்கவில்லை என்று நினைக்காதீர்கள்.  ஆனால் கயிறு சாய்ந்ததை என் கண்ணால் பார்த்துவிட்டேன், உப்பை நாக்கால் பார்த்துவிட்டேன். அதற்கு மேல் இன்னொருவரின் பதற்றத்துக்காக அதை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. முதலாளி கடல் பக்கக் கரையில் நின்று பார்ப்பதாகச் சொல்லிப் போனார். ஃபாஸில் ஒரு சொல்லும் கதைக்காமல் படகில் ஏறினார். நான் ஏறினேன், நீச்சல் தெரியாதவள். திரும்பிப் பார்த்தால் சிங்கப்பூர் அம்மாவும் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஏறுகிறார்.

வலைக்கார அம்மா கயிற்றின் இழுவையைக் கையால் பிடித்துப் பார்த்து, "இந்நேரம் அந்த வளைஞ்ச தென்ன வரைக்கும் போயிருக்கும்" என்று ஒரு தென்னையைக் காட்டினார். அங்கே போய் எஞ்சினை நிறுத்தச் சொன்னேன். பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. தம்பட்டம்தான், இருந்தாலும் சொல்கிறேன், அது நல்ல யோசனை. நாங்கள் எதற்குக் கணக்குப் பார்க்க வேண்டும்? படகில் கிடந்த இரண்டு பெரிய சாக்குகளைக் கல் போட்டு ஆழத்தில் தொங்கவிட்டோம். அடித்தண்ணீர் சாக்குகளை இழுத்தது, சாக்குகள் படகை இழுத்தன. போட் போகும் வழியே நாங்களும் போகத் தொடங்கினோம். எஞ்சின் இல்லாமல், துடுப்பில்லாமல், மேலே வருகிற பாசியை எதிர்த்துக்கொண்டு எங்கள் படகு ஆறு வரும் பக்கமாக ஏறியது. சிங்கப்பூர் அம்மா பாசியையும் படகையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

நாற்பது நிமிடம் வந்தது. கோடு. நாற்பத்திரண்டு. கோடு. ரிமோட் என் கையில் வியர்வையில் வழுக்கியது. கடல் பக்கம் முதலாளி சின்னப் புள்ளியாகத் தெரிந்தார். அவருடைய பக்கத்தில் போட் வந்திருக்குமோ என்று ஒரு நினைப்பு வந்தது. நாற்பத்தைந்து. படகைத் திருப்பச் சொல்லலாமா என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது.

அப்போதுதான் ஃபாஸில் வாயைத் திறந்தார். என்னைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பற்றரி புதுசு அக்கா. நேத்துத்தான் மாத்தின. கூட ஓடும். இரிங்க."

இருந்தோம். ரிமோட்டில் கோடு மறைந்து ஓர் எண் வந்தது.  எண் குறைந்தது. இன்னும் குறைந்தது.

"அந்தா! அக்கா, அந்தா!"

இடப்பக்கம் இருபது முழம் தள்ளி அந்தக் கறுப்பு முதுகு எழும்பியது. தன் சின்னக் கொடிக்கம்பத்தில் ஒரு பாசிக் கொத்தைச் சுற்றிக்கொண்டு! எழும்பியதுமே மேல்தண்ணீர் அதைக் கடல் பக்கம் இழுக்கத் தொடங்கிவிட்டது. வலைக்கார அம்மா ஒரே இழுவையில் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினார். ஃபாஸில் இடுப்பு வரைக்கும் வெளியே தொங்கி அதைப் பிடித்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படகின் நடுவில் விழுந்தார். "ஷா! வந்துட்டானே!" என்று அந்த அம்மா கத்தினார். நானும் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது, தொண்டை இரண்டு நாள் கட்டிப்போய்க் கிடந்தது. நாங்கள் வென்றுவிட்டோம், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

சிங்கப்பூர் அம்மா கத்தவில்லை. இங்கேயே திற என்று கையைக் காட்டினார்.

ஃபாஸில் தன் சேர்ட்டைக் கழற்றிப் போட்டை ஈரம் போகத் துடைத்தார். ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றினார். மூடியைத் தூக்குமுன் கண்ணை மூடிக்கொண்டார். உள்ளே பத்திரிகைத் தாள் துண்டொன்று வைப்பது அவருடைய வழக்கம், ஒரு துளி விழுந்தாலும் காட்டிக் கொடுக்கும். சிங்கப்பூர் அம்மா அதை எடுத்து விரல்களுக்கிடையில் கசக்கினார். மொறுமொறுவென்று சத்தம் கேட்டது. முக்கால் மணி நேரம் ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவில் கிடந்த போட்டுக்குள் தூசிகூட ஈரமாகவில்லை.

இந்த மூடியைப் பூட்டியது யார் என்று கேட்டார். ஃபாஸில் பள்ளிக்கூடப் பிள்ளை போலக் கையை உயர்த்தினார்.

நாற்பது போட்டும் எடுக்கிறேன் என்று அந்தப் படகிலேயே சொன்னார். இரண்டு நிபந்தனை. நாற்பது மூடியின் உட்பக்கத்திலும் பூட்டியவர் தன் பெயரைத் தன் மொழியில் எழுத வேண்டும். மற்றது, 'மேலே வா' கட்டளையைத் தனியாள் எவரும் மாற்ற முடியாதபடி பூட்ட வேண்டும். "இந்த லேடி உட்பட" என்று குடையால் என்னைச் சுட்டிக் காட்டினார். நன்றாக வேண்டும் எனக்கு. நீங்கள் இன்றைக்கும் அந்தக் கட்டளையில் கைவைக்க இரண்டு பேர் இரண்டு சாவியோடு வருகிறீர்களே, எரிச்சலாயிருக்கிறது என்று முணுமுணுக்கிறீர்களாம். அதற்குக் காரணக்காரி நான்தான், என்னைத் திட்டிக்கொள்ளுங்கள். ஆனால் பிழை செய்தால், சாமான் தண்ணீருக்குள் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். மேலே வரட்டும், பார்த்துச் சொல்லலாம் என்று நின்றால் தேடுவதற்கு ஆள் இருக்காது.

வலைக்கார அம்மாவின் பெயரைக் கேட்க அந்தச் சந்தோஷத்தில் மறந்துபோனேன். கரையில் இறங்கியதும் அவர் மறுபடி நிழலில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து வலை பொத்தத் தொடங்கிவிட்டார்.

முதலாளி கடல் பக்கமிருந்து காற்சட்டை முழங்கால் வரைக்கும் நனைய ஓடி வந்தார். ஃபாஸிலின் கையிலிருந்த போட்டைப் பார்த்தார், சிங்கப்பூர் அம்மாவின் முகத்தைப் பார்த்தார், விஷயம் விளங்கிவிட்டது. சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றவர், ஃபாஸிலின் தோளில் கையை வைத்தார்.

"ஃபாஸில், நான் அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது. நீ பாத்துத்தான் பூட்டினியான்னு…"

ஃபாஸில் சிரித்தார். நனைந்த சேர்ட்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டே சொன்னார்.

"பரவால்ல மொதலாளி. எனக்கே என்ட கைல நம்பிக்க போயிட்டு அந்த நேரம். மூடி ஒழுகல்ல எண்டு ஒரு ஆள் சொன்னாங்க தானே."